அணியின் பின்னே ஒரு பேருந்து: இலங்கையில் டெஸ்ட் சுற்றுப்பயணத்தை ரசிப்பது எப்படி?

தம் நாட்டுக் கிரிக்கெட் அணி வெளிநாட்டில் ஆடப் போகும்போது ரசிகர்களும் குழுவாகப் புறப்பட்டு, வாடகைப் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று, தொடரின் எல்லா ஆட்டங்களையும் நேரில் காணும் வழக்கம் இங்கிலாந்து ரசிகர்களிடையே நன்கு வேரூன்றியது. அத்தகைய குழுக்களுள் பெரும்பெயர் பெற்ற 'பார்மி ஆர்மி', அதாவது 'கிறுக்குப் படை', 1994-95ஆம் ஆண்டு ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தின்போது உருவெடுத்தது. தோற்றுக்கொண்டிருந்த அணிக்காக நாள் முழுதும் தொண்டை வறளப் பாடியவர்களைக் கண்டு வியந்த ஆஸ்திரேலிய ஊடகங்களே அவர்களுக்கு அப்பெயரைச் சூட்டின. இவ்வகைப் பயணத்துக்கு இலங்கையைப் போல் பொருந்தும் நாடு வேறொன்று இருப்பது அரிது. காலி, கண்டி, கொழும்பு ஆகிய மூன்று ஆட்டத்தலங்களும் சில மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவிலேயே அமைந்திருக்க, கடற்கரை, தேயிலைமலை, தலைநகர் என ஒவ்வொன்றும் தனித்தனி உலகமாக விளங்குகிறது.

பயணத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலையிலேயே ரசனை தொடங்கிவிடுகிறது. ஒரு மாலைக்குள் முடிந்துவிடும் இருபது ஓவர் ஆட்டங்களைத் துரத்திச் செல்வோருக்கு ஊரும் மனத்தில் தங்குவதில்லை, ஆட்டமும் தங்குவதில்லை. டெஸ்ட் ஆட்டமோ ஐந்து நாள்கள் நீளக்கூடியது. ஒவ்வொரு நாளும் சுமார் இரண்டு மணி நேரம் கொண்ட மூன்று பகுதிகளாகப் பிரிந்து, மதிய உணவுக்கும் தேநீருக்கும் இடைவேளை விட்டு, மொத்தம் தொண்ணூறு ஓவர்களை எட்ட முயல்வது. ஒன்றும் நிகழாததுபோல் தோன்றும் நேரம் இதில் மிகுதி. பேருந்துப் பயணத்திலும் அத்தகைய நேரமே மிகுதி என்பதால், அந்த நேரத்தை வீணென்று கருதாத மனநிலையே இப்பயணத்தின் முதல் தகுதியாகும்.

கொழும்பிலிருந்து காலிக்குச் செல்ல இரண்டு வழிகள் உள்ளன. 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதை விரைவானது. பழைய கடற்கரைச் சாலை மெதுவானது, நெரிசல் மிக்கது. போகும்போதோ வரும்போதோ ஒருமுறையேனும் கடற்கரைச் சாலையைக் கேட்டுப் பெறுவதே தகும். அச்சாலையில்தான் முகமூடிக் கலைக்குப் பெயர்பெற்ற அம்பலாங்கொடையும், அதைத் தாண்டி ஹிக்கடுவைக்கு முன்பாகப் பெரலியவும் உள்ளன. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, நிறைய மக்களை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ரயிலைப் பெரலியவில்தான் கவிழ்த்தது; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அவ்விடத்தில் இப்போது நினைவிடம் இருக்கிறது. அதே அலை காலி மைதானத்தையும் நாசமாக்கியது. மறுகட்டுமானத்துக்குப் பின், ஏறத்தாழ மூன்றாண்டு கழித்து, 2007 டிசம்பர் 18 அன்று அங்கே மீண்டும் டெஸ்ட் தொடங்கியபோது எதிரணியாக இறங்கியது இங்கிலாந்தே. பெரலியவில் இறங்கி நின்றுவிட்டு வந்த பயணிக்கும், நேராக மைதான வாயிலில் இறங்கிய பயணிக்கும் அந்தப் புல்தரை ஒன்றாகத் தெரிய வாய்ப்பில்லை.

காலி மைதானம் கோட்டைக்கும் நகருக்கும் இடையே, இருபுறமும் கடல் சூழ அமைந்தது. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டையின் கொத்தளங்கள், அதாவது மதிலிலிருந்து முன்னோக்கி நீளும் காவல்மேடைகள், மைதானத்தை நோக்கியே நிற்கின்றன. மணிக்கூண்டு நிற்கும் பகுதியிலிருந்து பார்த்தால் ஆட்டம் முழுவதும் கண்ணுக்குள் அடங்கும்; இதற்குச் சீட்டு வேண்டியதில்லை. வெளிநாட்டவருக்குச் சீட்டு விலை கூட்டப்பட்ட காலங்களில் ஆங்கிலேய ரசிகர் பலர் மதிலில்தான் குவிந்தனர். ஆயினும் விலைக்காக மட்டும் அங்கே ஏறுவது குறைவான ரசனை. உள்ளே இருக்கையிலிருந்து காணும்போது பந்தின் வேகமும் மட்டையின் ஒலியும் கிடைக்கின்றன. மேலிருந்து காணும்போதுதான் களத்தடுப்பின் வடிவம் புலப்படுகிறது. சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் தம் ஓவருக்கு முன் ஒரு தடுப்பாளரை மூன்றடி நகர்த்துவதும், மட்டையாளர் அதைக் கவனித்துவிட்டு அடுத்த பந்தில் காலை வேறிடத்தில் ஊன்றுவதும், இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் நடத்தும் வாக்குவாதமாக அங்கிருந்து விளங்கும். ஆட்டம் நகர நகர ஆடுகளம், அதாவது பந்து விழுந்தெழும் இருபத்திரண்டு கஜ நீளத் தரை, காய்ந்து பொடியத் தொடங்குவதால் பந்து பிடித்துத் திரும்புகிறது. கடற்காற்று அதை விழுமுன்பே காற்றில் சற்று நகர்த்திவிடுகிறது. முத்தையா முரளிதரன் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை 2010 ஜூலை 22 அன்று வீழ்த்தியது இந்தத் தரையில்தான். ஒரு நாளின் இரண்டு பகுதிகளை உள்ளேயும் மூன்றாவதை மதில் மேலும் கழிப்பது நல்ல பங்கீடாக அமையும்.

மதில்மேல் நின்ற ரசிகர்களுள் ஒருவரின் பொறுமையைச் சொல்லாமல் காலியைக் கடக்க இயலாது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் இங்கிலாந்தின் பயணம் பாதியில் கைவிடப்பட்டபோது நாடு திரும்பாமல் இலங்கையிலேயே பத்து மாதங்கள் காத்திருந்த அவர், 2021 ஜனவரியில் பார்வையாளர் அனுமதிக்கப்படாத காலி டெஸ்டை மதிலிலிருந்தே கண்டார். இரட்டைச் சதம் அடித்த அணித்தலைவர் ஜோ ரூட், அவரை நோக்கி மட்டையை உயர்த்தினார்.

குழுவோடு செல்வதன் இன்பங்களுள் முதன்மையானது, பக்கத்து இருக்கைக்காரரின் மடியில் விரிந்திருக்கும் ஓட்டப்பதிவேடு. நெடுங்கால ரசிகர்கள் சிலர் பந்துக்குப் பந்து கையால் எழுதிவரும் இந்நோட்டில் ஓட்டமில்லாப் பந்து ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஓர் ஓவரின் ஆறு பந்துகளிலும் ஓட்டம் எடுக்கப்படாவிட்டால் அது 'மெய்டன்' எனப்படும். அப்போது ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து ஆங்கில 'எம்' எழுத்தாக்குவர். அதே ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் கோடு 'டபிள்யூ' எழுத்தாக மாறும். முதல் நாள் காலை வெறும் புள்ளிகளாகத் தெரியும் பக்கத்தை மூன்றாம் நாள் மாலைக்குள் வாசிக்கக் கற்றுக்கொண்டவருக்கு, மந்தமான ஒரு மணி நேரத்தில் வீச்சாளர் எத்துணை நுட்பமாக மட்டையாளரைக் கட்டிப்போட்டார் என்பது எழுத்திலேயே தெரியும். 2018 நவம்பரில் காலியில் இங்கிலாந்து நூறு ஓட்டங்களைச் சற்றே கடந்த நிலையில் ஐந்து விக்கெட்டுகளை இழந்து தவித்தபோது, காயமுற்ற ஒருவரின் இடத்தில் முதல் டெஸ்ட் ஆட வந்த பென் ஃபோக்ஸ் 107 ஓட்டங்கள் எடுத்து அணியை 342 வரை கொண்டுசென்றார். அந்தச் சதத்தின் பெருமை தொலைக்காட்சித் தொகுப்பின் நான்கு ஓட்டங்களில் இல்லை. பதிவேட்டின் புள்ளிகளில்தான் இருக்கிறது.

அடுத்துக் கேட்கவேண்டியது ஒலி. பார்மி ஆர்மியினர் ஆட்டநாளின் தொடக்கத்தில் 'ஜெருசலேம்' பாடுவது வழக்கம். வில்லியம் பிளேக் எழுதிய கவிதைக்கு 1916இல் ஹ்யூபர்ட் பாரி இசையமைத்த இப்பாடல், தேசியகீதம் அல்லாத தேசியகீதமாகவே இங்கிலாந்தில் நிலவுகிறது. அதற்கு எதிர்ப்புறத்திலிருந்து எழுவது இலங்கையின் 'பப்பரே'. டிரம்பெட்டும் மத்தளமும் கலந்து அடிக்கும் இந்தப் பித்தளை வாத்தியக் கூட்டம் பள்ளிகளின் 'பிக் மேட்ச்' விழாக்களில் வளர்ந்தது. கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் புனித தோமஸ் கல்லூரிக்கும் இடையே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடந்துவரும் ஆட்டமும், யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெரும் போர்' ஆட்டமும் இவ்வொலியோடு பிரிக்க முடியாதவை. சுற்றுலாக் குழுவினர் தம் பாட்டிலேயே மூழ்கிப் பப்பரேயைத் தவறவிடுவது பெரும் இழப்பு. தேநீர் இடைவேளையில் எழுந்து, மைதானத்தைச் சுற்றி மறுபுறம் சென்று, அரை மணி நேரம் அங்கே அமர்வதே சரியான பரிகாரம். இலங்கைக் கொடியோடு 1979 உலகக் கோப்பை முதற்கொண்டு பல பத்தாண்டுகள் அணியைத் தொடர்ந்த பேர்சி அபேசேகர, எதிரணி ஆட்டக்காரர்களையும் வாழ்த்தி வரவேற்றதால் இரு தரப்பினருக்கும் 'பேர்சி மாமா' ஆனார். 2023இல் அவர் மறைந்தார். ஒலியெழுப்பும் கலையில் அவருக்கு நிகரான ஆசான் இப்பயணிகளுக்குக் கிடைப்பது கடினம்.

தோல்வியைத் தாங்கவும் தெரிந்திருக்க வேண்டும். மேற்சொன்ன 2007 காலி டெஸ்டில் இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 81 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மழையின் துணையோடுதான் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மாறாக, 2001இல் காலியில் இன்னிங்ஸ் தோல்வியோடு தொடங்கிய பயணம் கண்டியிலும் கொழும்பிலும் வென்று 2-1 என முடிந்தது. முதல் ஆட்டத்தோடு ஊர் திரும்பியவருக்கும் கடைசிவரை பேருந்தில் இருந்தவருக்கும் அது இருவேறு தொடர்கள்.

கண்டிச் சாலை கடுகண்ணாவைக் கணவாயில் வளைந்தேறும்போது காற்றின் குணமே மாறுகிறது. வழியில் கஜுகமவில் சாலையோரம் முந்திரிப்பருப்பு விற்கும் பெண்களிடம் பேருந்து நிற்கட்டும்; அடுத்த ஐந்து நாள்களுக்கும் அது கைகொடுக்கும். நகருக்கு வெளியே பல்லேகலையில் மலைகள் சூழ அமைந்த மைதானத்தில் புல்மேட்டில் சாய்ந்தபடியே ஆட்டம் காணலாம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் இங்கே பிற்பகல் இடிமழை அன்றாட நிகழ்வு. மேகம் கறுத்ததும் அறைக்கு ஓடுபவர் ஒரு பெரிய காட்சியை இழக்கிறார். இலங்கையில் ஆடுகளத்தை மட்டுமன்றி மைதானம் முழுவதையுமே விரிப்புகளால் மூடுவர். அதற்காகப் பெருந்திரளான ஊழியர்கள், பலர் வெறுங்காலோடு, பாரமான விரிப்புகளை இழுத்துக்கொண்டு எல்லாத் திசைகளிலிருந்தும் ஓடிவருவர். காற்று உள்ளே புகுந்து விரிப்பைப் பாய்போல் உயர்த்தும்போது அதன்மேல் படுத்தே அடக்குவதும், மழை ஓய்ந்தபின் ஓரத்தைத் தூக்கி நீரை வெளிப்புறமாக உருட்டிவிடுவதும் பல்லாண்டுப் பயிற்சியால் கைவந்த தொழில். கைதட்டலுக்கு முழுத் தகுதியுடையவர்கள் அவர்கள்; கைதட்டவும் வேண்டும்.

அந்த மழை ஆட்டத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு 2018 பல்லேகலை டெஸ்டே சான்று. வெற்றிக்கு 301 ஓட்டங்கள் தேவைப்பட்ட இலங்கை, நான்காம் நாள் தேநீர் வேளையில் 7 விக்கெட்டுக்கு 226 ஓட்டங்கள் எடுத்திருக்கையில் மழை ஆட்டத்தை நிறுத்திவிட்டது. எஞ்சிய 75 ஓட்டங்களையும் மூன்று விக்கெட்டுகளையும் மனத்தில் சுமந்துகொண்டு இரு நாட்டு ரசிகர்களும் அவ்விரவைக் கழிக்க நேர்ந்தது. மறுநாள் காலை பதினேழு ஓட்டங்கள் மட்டுமே சேர்ந்த நிலையில் இலங்கையின் ஆட்டம் முடிய, இங்கிலாந்து 57 ஓட்டங்களில் வென்றது. இத்தகைய இரவில் பேருந்துக்குள்ளும் விடுதியின் உணவுமேசையிலும் எழும் பேச்சுத்தான் குழுப்பயணத்தின் உச்சம். தனியே வந்தவருக்கு அது வாய்ப்பதில்லை. கண்டியை விடுமுன் அஸ்கிரிய மைதானத்தையும் காண்பது நன்று. மலைச்சரிவில் அமைந்த அந்தக் கல்லூரி மைதானத்தில்தான், 2007 டிசம்பரில், கண்டியின் மைந்தரான முரளிதரன் இங்கிலாந்தின் பால் காலிங்வுட்டை வீழ்த்தி ஷேன் வார்னின் 708 விக்கெட் சாதனையைக் கடந்தார்.

கொழும்பில் ஆட்டமில்லா நாளொன்றைத் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கலாம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுக்குரிய மும்மொழிக் கல்வெட்டு அங்கே உள்ளது. சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பட்ட அக்கல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. கோட்டை மதிலிலிருந்து ஆட்டம் பார்த்த பயணி காலித் துறைமுகத்தின் பழம்பெருமையை இதில் காணலாம். காலிக் கோட்டைக்குள் இன்றும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்வதைக் கவனித்தவருக்குக் கல்லின் தமிழ் வரிகள் இன்னும் நெருங்கிப் பேசும்.

கொழும்பு டெஸ்டுகள் பெரும்பாலும் சிங்களீஸ் ஸ்போர்ட்ஸ் கிளப் மைதானத்தில் நடப்பதால், பயண நிரல்களில் பொரளைக்கு அருகிலுள்ள பி. சரவணமுத்து மைதானம் விடுபடுவதுண்டு. அதை அப்படி விட்டுவிடுவது சரியன்று. தமிழ் யூனியன் கழகத்தின் தாயகமான இந்த மைதானம், இலங்கைக் கிரிக்கெட் நிர்வாகத்தை வளர்த்த பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கியது. 1948இல் டொன் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி கப்பல் பயணத்தின் இடையே இங்கு இறங்கி ஆடியபோது இலங்கைக்குத் தலைமை ஏற்றவர், அதற்கு முந்திய ஆண்டு சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்த எம். சதாசிவம். 1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியதும் இங்கேதான், எதிரணி இங்கிலாந்து. ஏழு விக்கெட்டுகளில் இங்கிலாந்து வென்ற அவ்வாட்டத்தில், பள்ளி மாணவராக இருந்த அர்ஜுன ரணதுங்க எடுத்த 54 ஓட்டங்களே டெஸ்ட் கிரிக்கெட்டில் ஓர் இலங்கையர் அடித்த முதல் அரைச்சதம். தம் அணியைத் தொடர்ந்து வரும் ஆங்கிலேயப் பயணி, இரு நாட்டு டெஸ்ட் உறவு தொடங்கிய இந்த இடத்தைக் காணாமல் விமானம் ஏறக்கூடாது. வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவைத்தால், கழக ஆட்டம் ஏதேனும் நடக்கும் நாளாகப் பார்த்துப் பேருந்தை அப்பக்கம் திருப்பச் செய்வது கடினமன்று.