களனும் எச்சமும்: மூன்று கணினி விளையாட்டுகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

பெங்களூருவின் தென்பகுதியில் அமைந்துள்ள பேகூர்க் கோயிலில், கி.பி. 890ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்டதாகக் கருதப்படும் கன்னட வீரக்கல் ஒன்று உள்ளது. பெங்களூர்ப் போரில் ஒருவன் இறந்துபட்ட செய்தியைக் கூறும் அக்கல்லே ‘பெங்களூர்’ என்னும் ஊர்ப்பெயருக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகும். இதே நகரில் 1997ஆம் ஆண்டு துருவா இன்டராக்டிவ் என்னும் கணினி விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பெற்றது. 2019ஆம் ஆண்டில் ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் அதனை வாங்கித் தன் இந்தியக் கிளையோடு இணைத்துக்கொண்டது. ஒரு போர்ச்சாவின் நினைவால் பழமை அறியப்படும் ஊர், இன்று போரையும் சாவையும் விளையாட்டாக்கும் தொழிலுக்கும் களமாக விளங்குகிறது.

கணினி விளையாட்டுகள் குறித்த நம் பேச்சு, அவை இளைஞரைக் கெடுக்குமா என்னும் வினாவோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஒரு விளையாட்டில் எத்தனை பேர் கொல்லப்படுகின்றனர் என்று எண்ணுவதினும், அக்கொலை எதனை விட்டுச்செல்கிறது என்று வினவுவதே திறனாய்வுக்கு உரிய பணியாகும். பாத்திரமேற்பு, அதிரடி, திகில் ஆகிய மூவகைக்கும் ஒவ்வொரு விளையாட்டை எடுத்துக்கொண்டு அவ்வினாவை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

அணுகுமுறை

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் களன், மெய்ப்பாடு, எச்சம் ஆகிய மூன்றும் இவ்வாய்வுக்குத் துணைசெய்கின்றன. செய்யுளுக்குரிய இலக்கணம் கணினி விளையாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்பது இங்குக் கருத்தன்று. கேட்க வேண்டிய வினாக்களை அது கற்பிக்கிறது என்பதே கருத்து. உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக விளையாட்டையே மெய்ப்பாட்டியல் எண்ணியிருத்தலும் நினைக்கத்தக்கது. எச்சம் என்பது கூற்றில் சொல்லாது நின்று, சொல்லாலோ குறிப்பாலோ பின்னர் நிறைவுறுவது. விளையாட்டில் செயலே கூற்றின் இடத்தைப் பெறுவதால், செயல் முடிந்த பின்னும் நிறைவுறாது நிற்பதனை அதன் எச்சம் எனக் கொள்ளலாம்.

நெஞ்சொடு கிளத்தல்: டிஸ்கோ எலீசியம்

2019ஆம் ஆண்டு வெளிவந்த ‘டிஸ்கோ எலீசியம்’, பாத்திரமேற்பு விளையாட்டுகளின் பொதுமரபிலிருந்து விலகி நிற்பது. அம்மரபில் பாத்திரத்தின் வளர்ச்சி பெரும்பாலும் போரின்வழி அளக்கப்படும். இதில் தனிப் போர்முறை என்பதே இல்லை. விடுதியொன்றின் பின்புறம் மரத்தில் தொங்கும் பிணத்தைப் பற்றி விசாரிக்க வந்த காவல் அதிகாரி, குடிமயக்கத்தில் தன் பெயரையும் மறந்து கண்விழிக்கிறான். அவனுடைய 24 திறன்களும் 24 குரல்களாக அவனோடு பேசுகின்றன. ஒன்று தூண்டுகிறது, ஒன்று இடித்துரைக்கிறது, ஒன்று பொய்யும் சொல்கிறது.

அகப்பாடலில் தலைவன் தன் நெஞ்சை வேறொருவர்போல் முன்னிறுத்திப் பேசும் மரபை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு அயலானதாகத் தோன்றாது. பொருள்வயிற் பிரியத் தூண்டும் நெஞ்சும், தலைவியை நினைந்து மீளத் தூண்டும் நெஞ்சும் ஒருவனிடத்தே இருத்தலை அம்மரபு காட்டுகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. அகப்பாடலில் நெஞ்சு கேட்கிறது. இங்கு நெஞ்சு மறுமொழி கூறுகிறது.

இவ்விளையாட்டின் சிறப்பு எச்சத்தைக் கையாளும் முறையில் உள்ளது. தலைவன் தன் செயல்களை மறந்திருக்கிறான், ஊர் மறக்கவில்லை. முந்தைய நாள்களில் அவன் செய்த இழிசெயல்களை எதிர்ப்படுவோர் ஒவ்வொருவராகச் சொல்லக் கேட்டே அவன் தன்னை அறிகிறான். ஆடுபவர் செய்யாத வினையின் பொறுப்பை ஆடுபவரே ஏற்க நேர்கிறது. பாத்திரமேற்பு என்னும் சொல் இங்குத்தான் முழுப்பொருள் பெறுகிறது எனலாம். ஒரு பாத்திரத்தை ஏற்பது அதன் ஆற்றலை மட்டுமன்று, அதன் பழியையும் ஏற்பதாகும்.

பெருமிதமும் அதன் குறையும்: தி லாஸ்ட் லெகசி

2017ஆம் ஆண்டு நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கிய ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’ என்னும் அதிரடி விளையாட்டு, கர்நாடக மண்ணோடு நேரடித் தொடர்புடையது. இந்தியத் தந்தைக்குப் பிறந்த குளோயி என்பவள், ஹொய்சளரின் பழஞ்செல்வமாகிய பிள்ளையாரின் தந்தத்தைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகிறாள். ஹளேபீடும் பேலூரும் இதில் காட்டுக்குள் மறைந்த நகரங்களாகப் படைக்கப்பட்டுள்ளன.

பெருமிதம் கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கின்வழிப் பிறக்கும் என்பது தொல்காப்பியக் கொள்கை. பெரும்பாலான அதிரடி விளையாட்டுகள் தறுகண் ஒன்றையே அறிந்தவை. இது அவற்றின் மேம்பட்டது. பரசுராமரின் கோடரியால் பிள்ளையாரின் தந்தம் முறிந்த கதையைத் தந்தைவழிக் கேட்டறிந்த கல்வியே குளோயிக்கு வழிகாட்டுகிறது. இறுதியில் தந்தத்தை விற்காது இந்திய அரசின் பண்பாட்டு அமைச்சகத்திடம் ஒப்படைக்க அவள் துணிவது கொடையின்பாற்படும்.

எனினும் களனைப் பொறுத்தவரை இவ்விளையாட்டு குறையுடையது. பெங்களூருவிலிருந்து சற்றேறக்குறைய 200 கி.மீ. தொலைவில் உள்ள பேலூர், மறைந்த நகரன்று. 1117ஆம் ஆண்டு விஷ்ணுவர்த்தனன் எடுப்பித்த சென்னகேசவர் கோயிலில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. 2023ஆம் ஆண்டு பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய ஊர்களின் ஹொய்சளக் கோயில்கள் உலக மரபுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. விளையாட்டின் மலைப்பகுதியிலோ கோபுரமும் அருவியும் யானையும் உள்ளன. அம்மண்ணில் உழுது வாழும் குடிகள் இல்லை. எதிர்ப்படுவோர் சுடப்பட வேண்டிய படைவீரர் மட்டுமே. முதலும் கருவும் அழகுறத் தீட்டப்பட்ட இடத்தில் உரிக்கு உரியவர் இல்லாமற் போயினர்.

இதனினும் பெரிய குறை எச்சமின்மையாகும். குளோயியின் கையால் வீழும் வீரர்க்குப் பெயரில்லை. கதை அவர்களை மீண்டும் நினைப்பதுமில்லை. மெய்யான ஹளேபீட்டின் நிலை வேறு. ஹொய்சளேசுவரர் கோயிலருகே நிற்கும் கருடத்தூண், இரண்டாம் வீரபல்லாளனுக்காகத் தன்னுயிர் நீத்த குவர லட்சுமன் என்னும் மெய்காவலனின் நினைவாக எழுப்பப்பட்டது. தம் தலையைத் தாமே அரியும் வீரர்களின் உருவங்கள் அதில் செதுக்கப்பட்டுள்ளன. சோழநாட்டு வேளைக்காரரை நினைவூட்டும் அத்தூண், சாவுக்கு ஒரு பெயரும் ஓர் இடமும் தருகிறது. ஹளேபீட்டின் சிற்பத்தை எடுத்துக்கொண்ட விளையாட்டு அதன் நினைவை எடுத்துக்கொள்ளவில்லை.

புறப்பாடல்களும் பகைவரின் பெயர் கூறாது களக்கொலையைப் போற்றுகின்றனவே என வினவலாம். அஃது உண்மையே. ஆயினும் புறமரபு வாகையோடு முடிவதன்று. நிலையாமை கூறும் காஞ்சியும், இரங்கும் கையறுநிலையும், காட்சி முதல் வாழ்த்து ஈறாக விரியும் நடுகல் துறைகளும் அதன் மறுபாதியாக அமைந்துள்ளன. அம்மறுபாதியே இங்கு இல்லாதது.

அச்சத்தின் நிலைக்களன்: சைலண்ட் ஹில் 2

கொனாமி நிறுவனம் 2001இல் வெளியிட்ட ‘சைலண்ட் ஹில் 2’, போலந்து நாட்டு புளூபர் டீம் நிறுவனத்தால் புத்துருவாக்கம் பெற்று 2024இல் மீண்டும் வெளிவந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் நோயால் இறந்ததாகக் கருதப்படும் மனைவியிடமிருந்து கடிதம் வர, பனிமூடிய ஊருக்கு அவளைத் தேடிச் செல்கிறான் ஜேம்ஸ். நோயுற்றிருந்த அவளைக் கொன்றவன் தானே என்பதை அவன் மறைத்திருந்தமை பின்னர்ப் புலனாகிறது.

அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கின்வழி அச்சம் தோன்றும் என்பர் தொல்காப்பியர். இந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே இருப்பவை. பெரும்பாலான திகில் விளையாட்டுகள் முதலிரண்டோடு அமைந்துவிடுகின்றன. ‘சைலண்ட் ஹில் 2’ காட்டும் உருவங்களும் அணங்கென்றே முதலில் தோன்றும்; ஆராயின் அவை ஜேம்ஸின் குற்றவுணர்வு கொண்ட வடிவங்கள். ஊரில் உலவும் பேய் அவன் வினையின் எச்சமே.

ஆடுபவரின் செயலையும் இவ்விளையாட்டு எச்சமாகக் கொள்கிறது. காயத்தை ஆற்றாது விட்டாரா, மனைவியின் படத்தை எத்துணை முறை எடுத்துப் பார்த்தார் என்பன போன்ற சிறுசெயல்கள் ஆடுபவர் அறியாமலே கணக்கில் கொள்ளப்பட்டு, முடிவு எது என்பதை உறுதிசெய்கின்றன. சொல்லாமற் சொல்லும் இம்முறையைக் குறிப்பெச்சம் எனல் தகும்.

முடிவுரை

மூன்றனுள் காட்சிப் பொலிவில் ‘தி லாஸ்ட் லெகசி’ எதற்கும் தாழ்ந்ததன்று. நம் மண்ணைக் களனாகக் கொண்டதும் அதுவே. ஆயினும் செய்த வினை செய்தவனை விட்டு நீங்காமை என்னும் அளவுகோலால் நோக்க, ஏனைய இரண்டுமே உயர்ந்து நிற்கின்றன. ஒன்றில் ஊரார் நாவிலும் மற்றொன்றில் பேயுருவிலும் வினை நிலைத்து நிற்கிறது. எனவே ஒரு விளையாட்டு நம் நாட்டைக் காட்டுவதனாலேயே நம்முடையதாகிவிடாது என்பது பெறப்படும்.

விளையாட்டுகளைத் தமிழ்த்துறைகள் தம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவையாகக் கருதி ஒதுக்குதல் தகாது. மாணவர் நாள்தோறும் எத்தனையோ சாவுகளை விரல்நுனியால் நிகழ்த்துகின்றனர். அவற்றை எடைபோடும் சொற்கள் நம் பொருளிலக்கணத்தில் உள்ளன. பேகூரில் ஒருவன் இறந்ததைப் பதினொரு நூற்றாண்டுகளாக ஒரு கல் நினைவில் வைத்துள்ளது. தாம் நிகழ்த்தும் சாவுகளுள் ஒன்றையேனும் அவ்வாறு நினைவில் வைக்கும் விளையாட்டு அக்கல் நிற்கும் நகரில் உருவாகுமாயின், அதுவே இம்மண்ணின் விளையாட்டு எனப்படும்.