மற்றொன்று விரித்தலும் வாக்கும்

நூலுக்குரிய பத்துக் குற்றங்களைத் தொகுத்துரைக்கும் நன்னூல், எடுத்த பொருளை விடுத்துப் பிறிதொன்றைப் பெருக்குவதை 'மற்றொன்று விரித்தல்' எனச் சுட்டுகிறது. கூற்று உண்மையா, சுவையுடையதா என்ற வினாக்கள் அக்குற்றத்துள் அடங்கா; எடுத்த பொருளோடு அதற்குள்ள உறவே ஆங்கு நோக்கப்படுகிறது. இணையக் குழுமங்கள் இக்குற்றத்தை வாக்கினால் தீர்க்க முற்பட்டபோது இவ்வேறுபாடே முதலில் மங்கலாயிற்று.

2005 இல் தொடங்கப்பெற்ற ரெடிற் தளத்தின் ஒழுக்க விதிகள், இடத்துக்குப் பொருந்தாத பதிவுக்குக் கீழ்வாக்கு அளிக்கலாம் என்றும், தமக்கு உவப்பற்றது என்பதற்காக அளித்தலாகாது என்றும் கூறின. ஆயின் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்றே. அதனை அழுத்தியவரிடம் காரணம் கேட்பாரில்லை. பொருத்தமின்மையும் வெறுப்பும் ஒரே எண்ணாகக் கூட்டப்பட, மறுமொழி மடிக்கப்பட்டு மறைகிறது. (காரணங் கூறாது மணியடிக்கும் கருத்தரங்குத் தலைவர்களை நாமும் அறிவோம்.)

2008 இல் தோன்றிய, கணினி நிரலாளரின் வினாவிடைக் களமாகிய ஸ்ரக் ஓவர்புளோ இவ்வகையில் ஒருபடி முன்னேறியது எனலாம். அங்கு கீழ்வாக்கு வேறு, வினாவை மூடும் வாக்கு வேறு. மூட விழைபவர் காரணத்தைத் தெரிந்து சுட்டுதல் வேண்டும். பொதுவாக ஒருவர் வாக்கு போதாது. ஐந்தாக இருந்த தேவை 2019 இல் மூன்றாகக் குறைக்கப்பட்டது. மூடியதை மீளத் திறக்கவும் வாக்குண்டு. பிறிதொரு களத்துக்குரிய வினாவை அங்கு மாற்றிவிடவும் வழியுண்டு. என் நோக்கில் இவ்வேற்பாடே மிகச் சிறந்தது. இடம் மாறிய கூற்றும் பயனுடையதாகலாம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

ஆயினும், மூடும் வாக்குரிமை 3000 நன்மதிப்புப் புள்ளிகளை ஈட்டியோர்க்கே உரியது. அப்புள்ளிகளோ களத்தின் எல்லைக்குள் நின்று வினவியும் விடையளித்தும் பெறப்படுபவை. எனவே எல்லையைக் காப்போர் அவ்வெல்லையால் உருவாக்கப்பட்டோரேயாவர். துறையறியாது கேட்கப்பட்ட வினாவை அவர்கள் செவ்வனே விலக்குவர். ஆனால் இரு துறைகளுக்கிடையே பிறந்து இன்னும் பெயர் பெறாத வினாவை எவ்வாறு இனங்காண்பர்? அதனை மாற்றிவிடுதற்கு வேறு களமும் இராது. மூவர் உடன்பட்டனர் என்பது, பல வேளைகளில், மூவரும் ஒரே பயிற்சியினர் என்பதற்கே சான்றாகும்.

எல்லை பற்றி விவாதிப்பதற்கென 'மெற்றா' எனும் தனிக்களம் உண்டு. அங்கும் வாக்கே நடைமுறை; கீழ்வாக்கு உடன்பாடின்மையையுங் குறிக்கலாம் என்பதை ஆங்கு வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டுள்ளனர்.