‘இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

பட்டர்வொர்த்தில் ஒரு சிறிய வாசகர் சந்திப்பில் கட்டுரை வாசித்தேன். சயாம் மரண ரயிலைப் பற்றி மலேசியத் தமிழில் ஒரே ஒரு நாவல்தான் இருக்கிறது, அது ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ என்பதுதான் அதன் மைய வாதம். 1942–43இல் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட நம் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போகப்பட்டவர்களை நம் எழுத்தாளர்கள் மறந்துவிட்டார்கள் என்று கொஞ்சம் கோபமாகவே முடித்திருந்தேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் கேட்டார்: “தம்பி, அ. ரெங்கசாமியோட ‘நினைவுச் சின்னம்’ படிச்சிருக்கீங்களா?”

படிக்கவில்லை. அதுவும் அந்த ரயிலைப் பற்றிய நாவல்தான் என்பதே எனக்குத் தெரியாது. நூலகப் பட்டியலில் ‘சயாம்’ என்று தட்டினேன், ஒன்று வந்தது, ஒன்றுதான் என்று எழுதிவிட்டேன். எழுத்தாளர்கள் மறக்கவில்லை, நான்தான் ஒழுங்காகத் தேடவில்லை.

இதை என் தனிப்பட்ட அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். ஆனால் ‘யாருமே எழுதவில்லை’, ‘பதிவாகவே இல்லை’ போன்ற வாக்கியங்கள் நம் கட்டுரைகளில் எவ்வளவு சுலபமாக வந்து விழுகின்றன என்று பாருங்கள். ஒரு நாவலை மோசம் என்று சொன்னால், யாராவது எடுத்துப் படித்து மறுக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டால் யாரும் எடுக்கவே மாட்டார்கள்.

தேடுபெட்டி நாம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். முதல் சிக்கல் எழுத்துக்கூட்டல். பல நூலகங்களில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில்தான் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் முறை உச்சரிப்பைப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கும். ‘ச’ எங்கு வந்தாலும் ஆங்கில ‘சி’. நாம் சயாமுக்கு ‘எஸ்’ தட்டிக்கொண்டிருப்போம். அந்தப் புத்தகம் ‘சி’யில் உட்கார்ந்திருக்கும். ரெ. கார்த்திகேசுவைத் தேடும்போதும் இதே கதைதான். ஆனால் அவர் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் இரண்டு முறையிலும் ஒன்றே. அந்த நான்கை மட்டும் தட்டி ஒரு நட்சத்திரக் குறி போட்டால், பெரும்பாலான பட்டியல்களில் இரண்டு வகைப் பதிவுகளும் வந்துவிடும்.

இரண்டாவது, தலைப்புக்குக் கதை தெரியாது. ‘நினைவுச் சின்னம்’ என்ற தலைப்பில் ரயிலும் இல்லை, சயாமும் இல்லை. இங்கே உதவ வேண்டியது பொருள் தலைப்புத் தேடல். ஆனால் நாவல்களுக்குப் பொருள் தலைப்பு கொடுப்பதில் நூலகங்கள் நெடுங்காலம் கஞ்சத்தனம் காட்டியிருக்கின்றன. அப்போது எண்ணைப் பிடியுங்கள். டூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, புனைகதை 894.8113. எண்ணுக்கு எழுத்துக்கூட்டல் தகராறு கிடையாது. அந்த எண்ணில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஆனால் அந்த எண் நாடு பார்க்காது. மதுரையும் பினாங்கும் ஒரே அடுக்கில் நிற்கும். உடனே ‘வெளியான இடம்: மலேசியா’ என்று வடிகட்டத் தோன்றும். வடிகட்டினால் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ போய்விடும். பினாங்கும் மேடானும் நிறைந்த அந்த நாவல் 1972இல் தமிழ்நாட்டில் வெளிவந்தது. சென்னையில் அச்சான மலேசிய நாவல்களும் கூடவே போகும். எது மலேசிய நாவல் என்ற விமர்சனக் கேள்விக்கு, நாம் யோசிக்கும் முன்பே ஒரு ‘கிளிக்’ பதில் சொல்லிவிடுகிறது.

“இதெல்லாம் நூலகர் வேலை, விமர்சகன் வாசித்தால் போதும்” என்று ஒரு நண்பர் சொன்னார். எதை வாசிப்போம், எதை வாசிக்காமலே விடுவோம் என்பதை அந்தப் பெட்டி முதலில் முடிவு செய்கிறதே, அதற்கு என்ன செய்வது? எவ்வளவு நுணுக்கமாகத் தேடினாலும், சொந்தக் காசில் அச்சடித்து யார் வீட்டு அலமாரியிலோ கிடக்கும் புத்தகம் எந்தப் பட்டியலிலும் வராது. அதற்குக் கடைசி வரிசைப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கட்டுரையைத் திருத்தினேன். ‘ஒரே ஒரு நாவல்தான்’ என்ற இடத்தில் எங்கெங்கே, எப்படித் தேடினேன், என்ன கிடைத்தது என்று எழுதினேன். இரண்டு நாவல்களையும் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு கோபமான அந்தக் கடைசிப் பத்தி நிற்கவில்லை. ஏன் எழுதவில்லை என்று அவர்களைக் கேட்டிருந்தேன். எழுதியதை ஏன் தேடவில்லை என்று என்னைத்தான் கேட்க வேண்டியிருந்தது.