சென்ஸ்டர்: விலகத் தெரிந்த சிற்பம்

மனிதரின் குரலுக்கோ அசைவுக்கோ ஏற்பத் தானும் இயங்கும் சிற்பத்தை ஊடாடும் சிற்பம் என்கிறோம். உணரிகளும் சிறு கணினிப் பலகைகளும் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. ஆள் நெருங்கினால் ஒளிரும் பூ, கையசைத்தால் திரும்பும் பொம்மை என மாணவர் கண்காட்சிகளில் இத்தகைய படைப்புகள் நிறைய இடம்பெறுகின்றன. ஆனால் பல படைப்புகள் இரண்டு நிமிடத்தில் சலித்துவிடுகின்றன. அதற்கான காரணத்தை அறிய, 1970இல் கணினியின் கட்டுப்பாட்டில் இயங்கிய ‘சென்ஸ்டர்’ என்ற சிற்பம் நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

சென்ஸ்டரை உருவாக்கியவர் போலந்தில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்த எட்வர்ட் இக்னாட்டோவிச் (1926–1988). 1968இல் லண்டனில் யாசியா ரைஹார்ட் அமைத்த ‘சைபர்நெட்டிக் செரண்டிபிட்டி’ கண்காட்சியில் இவரது ‘சாம்’ என்ற சிற்பம் வைக்கப்பட்டது. முதுகெலும்பு போன்ற தண்டின் உச்சியில் பூவைப் போன்ற தலை. அதில் நான்கு ஒலிவாங்கிகள். ஒலி வரும் திசைக்குச் சாம் வளைந்து திரும்பும். உரத்த கூச்சலைவிட, மெல்லிய, விடாது தொடரும் ஒலியே அதை ஈர்த்தது. சரியான ஒலியளவைக் கண்டுபிடிக்கப் பார்வையாளர்கள் அதன் முன் நெடுநேரம் நின்று முயன்றனர்.

இதன் அடுத்த கட்டமே சென்ஸ்டர். நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகரில் உள்ள ‘எவோலுவான்’ அறிவியல் காட்சிக்கூடத்துக்காகப் பிலிப்ஸ் நிறுவனம் இதைச் செய்வித்தது. ஏறத்தாழ 15 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட எஃகுக் குழாய்ச் சட்டகம் அது. லாப்ஸ்டரின் கொடுக்கு மடங்கும் முறையைப் பார்த்து அதன் மூட்டுகள் வடிவமைக்கப்பட்டன. நீரியல் அழுத்தத்தால் இயங்கும் ஆறு அமைப்புகள் அவற்றை அசைத்தன. தலையில் ஒலிவாங்கிகளுடன், அசைவை அறியும் இரண்டு ராடார்களும் இருந்தன.

நடத்தை

சென்ஸ்டரின் விதிகள் மிகச் சில. மென்மையான ஒலி கேட்டால் அத்திசைக்குத் தலை திரும்பும்; ஒலி தொடர்ந்தால் உடலும் அதைப் பின்பற்றி நெருங்கும். ஒலி மிகுந்தாலோ, எதிரில் இருப்பவர் வேகமாக அசைந்தாலோ விலகிச் செல்லும். இவ்வளவுதான். ஆயினும் கண்டவர்கள் அதில் ஆர்வத்தையும் அச்சத்தையும் கூச்சத்தையும் கண்டனர்.

இந்தச் சிக்கலான தோற்றத்துக்குக் காரணம் நிரலன்று. கூடத்தில் நின்ற மனிதர்களின் ஓயாத பேச்சும் அசைவும்தான் எளிய விதிகளுக்குப் பல்லாயிரம் வேறுபாடுகளைக் கொடுத்தன. அசைவின் தன்மையும் இதற்குத் துணை நின்றது. வேகம் கூடுவதும் குறைவதும் இழைந்து நிகழும்படி இக்னாட்டோவிச் அமைத்திருந்தார். வெட்டி வெட்டி இயங்கியிருந்தால் அதே விதிகள் வெறும் பாரந்தூக்கியாகத்தான் தோன்றியிருக்கும்.

மதிப்பீடு

ஆள் வந்தால் ஒளிரும் பூ ஒரு சுவிட்ச் மட்டுமே. அது எப்போதும் இணங்குவதால், பார்வையாளர் தம்மை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. சென்ஸ்டரோ ஒன்றை விரும்பியது, மற்றொன்றை மறுத்தது. அதை அருகில் வரவழைக்க வேண்டுமானால் குரலைத் தாழ்த்த வேண்டும். கையை மெல்ல அசைக்க வேண்டும். தாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை அச்சிற்பத்தின் முன் நிற்பவர் கவனிக்கத் தொடங்குகிறார். ஊடாடும் சிற்பத்தின் தரத்தை அளக்க இதுவே சரியான அளவுகோல்.

டேனியல் ரோசினின் ‘மரக்கண்ணாடி’ (1999) மற்றொரு வழியைக் காட்டுகிறது. 830 மரத்துண்டுகள் சாய்ந்து, எதிரில் நிற்பவரின் உருவத்தைத் தீட்டும் படைப்பு அது. மரத்தின் ஓசையும் நிழலும் மனத்தைக் கவர்பவை. எனினும் கண்ணாடி என்ற பெயருக்கேற்ப அது நம்மையே நமக்குத் திருப்பித் தருகிறது. நாம் கைகோத்தாலும் கத்தினாலும் அதற்கு ஒன்றே. அவ்வகையில் சென்ஸ்டர் நமக்கு எதிரில் நிற்கும் வேறோர் இருப்பு.

எஃகுக்கு அச்சம் இருப்பதுபோல் காட்டுவது ஏமாற்று அல்லவா என்று கேட்கலாம். சென்ஸ்டருக்குத் தோலோ முகமோ இல்லை. குழாய்களும் மூட்டுகளும் வெளிப்படையாகத் தெரிந்தன. இயந்திரம் என்று தெரிந்தே மக்கள் அதனுடன் உறவாடினர். பெரிய கண்களை ஒட்டிப் பரிவைத் தேடும் இன்றைய பொம்மைகளைவிட இது நேர்மையானது.

குறைகளும் உண்டு. சென்ஸ்டருக்கு ஆள் வேறுபாடு தெரியாது. ஒருவர் கத்தினால், அருகே அமைதியாகக் காத்திருப்பவரையும் விட்டு அது விலகிவிடும். கூட்டத்தில் உரத்த குரலே முடிவு செய்தது. நேற்று வந்தவரை இன்று அது அறியாது. பொது இடத்துக்காகச் செய்யப்பட்ட படைப்பில் இது சிறிய குறையன்று; பலர் ஒரே நேரத்தில் எதிரில் நிற்பதை எப்படிக் கையாள்வது என்பது இன்றைய வடிவமைப்பாளருக்கும் கடினமான சிக்கலே.

பிற்காலம்

1974இல் சென்ஸ்டர் பிரிக்கப்பட்டது. பின்னர் நெதர்லாந்தின் கொலைன்ஸ்பிளாட் என்ற ஊரில் கணினியும் உணரிகளும் இன்றி, வெறும் சட்டகமாக வெட்டவெளியில் பல்லாண்டுகள் நின்றது. 2017இல் போலந்தின் கிராக்கோவ் நகரிலுள்ள ஏ.ஜி.ஹெச். பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சீரமைத்து, 2018இல் மீண்டும் இயங்கச் செய்தது.

வெளியில் நின்ற காலத்தில் எஃகு முழுதாக இருந்தும் சிற்பம் இல்லை. அதன் நடத்தையே சிற்பம். எனவே இத்தகைய பொருளை வடிவமைக்கும் மாணவர், எந்த உணரியை வாங்குவது என்பதற்கு முன், தம் படைப்பு எதற்கு நெருங்கும், எதற்கு விலகும் என்பதை எழுதிக்கொள்வது நல்லது. அந்தக் குறிப்பு ஒரு பக்கத்துக்குள் அடங்கலாம். சென்ஸ்டருக்கு அடங்கியது.