ஊருக்குப் போட்டது போக

துபாயில் சம்பளம் வந்ததும் எக்ஸ்சேஞ்ச் கடை வரிசையில் நிற்பவருக்கு எவ்வளவு அனுப்புவது என்ற யோசனையே இருக்காது. ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடனின் வட்டி, வீட்டுச் செலவு, தங்கச்சிக்கு நகைச்சீட்டு என்று ஊரிலேயே கூட்டிவைத்த தொகை அது. ஊருக்குப் போட்டது போக மிஞ்சியதில்தான் அவர் சாப்பாடு.

இந்த வழக்கத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. கையில் இருந்தால் கரையும் காசு, முதல் நாளே கண்ணை விட்டு மறைகிறது. வட்டிக் கடன்கள் அடைந்ததெல்லாம் இப்படித்தான்.

ஆனால் தொகையை ரூபாயில் முடிவு செய்வதா, திர்ஹாமிலா? திர்ஹாமின் மதிப்பு 1997 முதல் டாலருக்கு 3.6725 என நிலையாக நிற்கிறது. சரிவதும் ஏறுவதும் ரூபாய்தான். 2013 மே தொடக்கத்தில் ஒரு திர்ஹாமுக்கு ஏறக்குறைய 15 ரூபாய். ஆகஸ்ட் கடைசியில் டாலர் 68 ரூபாயைத் தாண்ட, அது 18-க்கு மேல் போனது. மாதம் 15,000 ரூபாய் என்று வைத்திருந்தவர் 1,000 திர்ஹாமுக்குப் பதில் 810 போட்டால் போதும். 1,000 திர்ஹாம் என்று வைத்திருந்தவர் வீட்டுக்கோ 18,500 போய்ச் சேர்ந்தது. வீடு அதைச் சம்பள உயர்வாகவே எடுத்துக்கொள்ளும். அக்டோபரில் ரூபாய் கொஞ்சம் தேறி, அதே 1,000 திர்ஹாம் 17,000-க்கும் கீழே இறங்கியபோது, "ஏன் குறையுது?" என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ரேட் ஏறியிருக்கிறதென்று கடன் வாங்கி அனுப்பியவர்கள் கதை தனி. லாபத்தை வட்டி தின்றது.

என் ஓட்டு ரூபாய்க் கணக்குக்கே. மிஞ்சும் திர்ஹாம் ரூபாயாக மாறி, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ கணக்கில் அவர் பெயரில் கிடக்கட்டும். இதிலும் ஓட்டை உண்டு: ஊரில் விலைவாசி ஏற, அதே 15,000 இளைத்துப்போகும். லீவில் வரும்போதெல்லாம் உட்கார்ந்து பேசி மாற்ற வேண்டும். அதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை. கல்யாணம், காதுகுத்து, வீட்டு வேலை என்று முப்பது நாளும் ஓடிவிடும்.

தொகையை எந்தப் பணத்தில் முடிவு செய்தாலும், ஓவர்டைம்தான் பெரிய கண்ணி. வீட்டுக்குத் தெரிந்ததெல்லாம் ஓவர்டைமும் சேர்ந்த தொகை. அடிப்படைச் சம்பளத்தை நம்மவர்கள் கௌரவம் பார்த்துச் சொல்வதில்லை. சைட்டில் வேலை குறைந்த மாதமும் தொகை குறையாமல் போகிறது. அந்தக் கடைசி வாரத்தில் ரூம்காரரிடம் ஐம்பது திர்ஹாம் கைமாத்து வாங்கி, ராத்திரிச் சாப்பாட்டைக் குப்பூஸ் ரொட்டியும் தயிருமாக முடித்துக்கொள்கிறார். "சாப்பிட்டியா?" என்று போனில் அம்மா கேட்டால், பிரியாணி என்பார்.