யாழ்நூலும் நம் பிள்ளைகளும்

சென்ற கோடையில் குடும்பங்களோடு பொன்முடிக்குச் சென்றிருந்தோம். தேயிலைச் சரிவில் மூடுபனி இறங்கிய வேளையில், உடன்வந்த சிறுமியொருத்தி, "யாழ் என்றால் வீணைதானே?" என்று வினவினாள். ஆம் என்று சொல்ல வாயெடுத்த நம்மைக் கையிலிருந்த யாழ்நூல் தடுத்தது.

வீணை வேறு, யாழ் வேறு என்று நிறுவியவர் விபுலாநந்த அடிகளார். 1892-இல் ஈழத்துக் காரைதீவில் பிறந்த இவர், இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டம் பெற்று, 1924-இல் துறவு பூண்டவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் இவரே. இமயச் சாரலின் மாயாவதியில் ஆங்கில இதழ் நடத்திய நாளிலும் தமிழிசை ஆய்வை விட்டாரல்லர். பிறந்த மண்ணுக்கு அப்பால் வாழ்வோரும் தாய்மொழிக்குப் பெரும்பணி ஆற்றலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் சில அடிகளே இந்நூலின் வித்து. அவற்றைக் கொண்டு, 21 நரம்புடைய பேரியாழ் முதல் 7 நரம்புடைய செங்கோட்டியாழ் வரை ஆராய்ந்து, நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டு, தேவாரப் பண்கள் வரை செல்கிறார். உணர்ச்சியால் பழம்பெருமை பேசுவோர் நடுவே, எண்ணால் மெய்ப்பிக்க முனைந்ததே இவர்தம் தனிச்சிறப்பு.

எனினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் திறனாய்வு ஆகாது. இசைநரம்பியலும் பாலைத்திரிபியலும் கணிதம் அறியாதார்க்கு எட்டாக் கனியாகவே நிற்கின்றன. நாமும் அப்பக்கங்களை மும்முறை படித்தே ஓரளவு தெளிந்தோம். பாடுவோர்க்கு உரிய எளிய வழிநூல் ஒன்றை அடிகளாரே எழுதியிருப்பின் நன்றாயிருக்கும். காலம் இடந்தரவில்லை. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில், அவர் ஆய்வின்படி செய்த யாழ்கள் ஒலிக்க, நூல் அரங்கேறியது; அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார்.

இங்கே நாம் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவரையும் அமர்த்தினான் என்று கல்வெட்டுக் கூறும். யாழ் அழிந்தது, பதிகமோ அழியவில்லை. ஏன்? யாழ் சிலர் கைத்திறனை நம்பி இருந்தது. பதிகம் பலர் வாயில் இருந்தது. ஓதுவார் மரபு அதனைச் செவிவழியே காத்தது.

நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டவும் வராது. ஆனால் செவி உண்டு, குரல் உண்டு. அடிகளார் படத்துக்கு மாலையிட்டு அமையாது, அடுத்த விழாவில் சொற்பொழிவுக்கு முன் பிள்ளைகள் அனைவரும் ஒருகுரலாக ஒரு பதிகம் பாடுமாறு செய்வோமாக. யாழ்நூலுக்கு நாம் எழுதத்தக்க நல்ல உரை அதுவே.

அச்சிறுமிக்கு அன்று விடை சொன்னோம். அவள் அடுத்துக் கேட்டது, "அதில் எந்தப் பாட்டு வாசிப்பார்கள்?" என்பது. நம்மில் ஒருவருக்கும் பாடிக் காட்டத் தெரியவில்லை.