கடலடிமலைகளும் கணினி வரைந்த படமும்

தேசப்படத்தை உண்மையின் நேர்ப்பிரதி எனக் கொள்வார் பலர். அதுவும் ஒரு கூற்றே. ஏனைய கூற்றுக்களைப் போலவே ஆராய்ந்து கொள்ளப்பட வேண்டியது. படம் வரையுங் கருவி திறன் மிகுந்ததாக ஆக, இவ்வுண்மை எளிதில் மறக்கப்படுகின்றது. ஜீ.எம்.ரீ. எனச் சுருக்கி வழங்கப்படும் கணினிக் கருவித் தொகுதியைக் கொண்டு பசுபிக் சமுத்திரத்து எரிமலைகளின் பிறப்பிடத்தைத் தேடிய முயற்சி இதற்குத் தக்க சான்றாகும்.

இத்தொகுதியை, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் லமொன்ற் ஆய்வு நிலையத்திற் பயின்ற போல் வெஸல், வோல்ரர் சிமித் என்னும் இருவரும் 1980களின் பிற்பகுதியில் ஆக்கினர். 1991இல் அது அறிஞருலகிற்கு அறிமுகமாயிற்று. பயன்படுத்துவோர் கட்டளைகளை வரிவரியாக எழுதுதல் வேண்டும். கணினி எண்ணட்டவணைகளைப் படித்துப் படத்தை வரைந்து தரும். தொடக்கத்தில் இது கடினமாய்த் தோன்றலாம். எனினும் படம் பிறந்த வழி முழுவதும் கட்டளைக் கோப்பில் எஞ்சி நிற்றலால், பிறரொருவர் அதனை மீண்டும் நிகழ்த்திச் சோதிக்க இயலும். தொகுதி விலையின்றிக் கிடைப்பதுமாகும்.

இனி ஆராயப்படும் பொருளை நோக்குவோம். ஹவாய்த் தீவிலிருந்து வடமேற்காக மிட்வே தீவைக் கடந்து செல்லும் எரிமலைத் தொடர், பின்னர் வடக்கே திரும்பி, எம்பரர் கடலடிமலைகள் என்னும் பெயருடன் கம்சற்காவை நோக்கிச் செல்கின்றது. இதன் நீளம் ஏறத்தாழ 6,000 கிலோமீற்றர். ஹவாயில் எரிமலைகள் இன்றுங் கனல்கின்றன. மிட்வே ஏறத்தாழ 28 மில்லியன் ஆண்டு வயதினது. தொடர் திரும்பும் வளைவு ஏறத்தாழ 47 மில்லியன் ஆண்டு வயதினது. அசையாத விளக்கின் மேல் ஓலையொன்றை மெல்ல இழுத்தால் கரிந்த புள்ளிகள் வரிசையாய் விழும். அவ்வாறே அசையா வெப்பப்புள்ளி ஒன்றின்மேற் புவியோடு நகர்ந்தமையால் இத்தொடர் உண்டாயிற்று என 1963இல் ரூசோ வில்சன் விளக்கினார். ஆழத்தினின்றும் எழும் வெப்பத் தாரைகளே இப்புள்ளிகளுக்குக் காரணமென 1971இல் ஜேசன் மோர்கன் அக்கருத்தை விரித்தார்.

வெஸலும் குரோன்கியும் 1997இல் வெளியிட்ட முறை இக்கருத்தின் மேல் எழுந்ததாகும். தகட்டின் அசைவு அறியப்படின், ஒவ்வொரு மலையினின்றும் அது வந்த வழியைப் பின்னோக்கி வரையலாம். ஒரே மூலத்திற் பிறந்த மலைகளின் வழிகள் அம்மூலத்திலே ஒன்றையொன்று வெட்டும். மலையின் பருமனை அதன் வழி நெடுகிலும் கூட்டிச் செல்ல, கூட்டுத்தொகை மிகுந்த இடம் படத்தில் ஒளிர்ந்து தோன்றும். மலைகளின் வயதை அறிய வேண்டியதில்லை என்பது இதன் பெருஞ் சிறப்பு. ஏனெனில் வயது கணிக்கப்படாத கடலடிமலைகள் மிகப் பல.

குறையும் இவ்விடத்தேயே உளது. தகட்டின் அசைவைக் காட்டும் எண்கள், வெப்பப்புள்ளிகள் அசையாதன என்ற துணிபைக் கொண்டு, இதுபோன்ற தொடர்களிலிருந்தே பெறப்பட்டவை. அவ்வெண்களைக் கொண்டு வரைந்த கோடுகள் ஓரிடத்திற் கூடுதல் அத்துணிபிற்குச் சான்றாகுமா? முன்னர் வைத்ததை மீள எடுத்தலே அது. படத்தின் ஒளி, துணிபின் உறுதியன்று.

கருவிக்குப் புறம்பான சான்று கடலடியினின்றும் கிடைத்தது. எரிமலைக் குழம்பு குளிருங்கால் அக்காலத்துப் புவிக்காந்தத்தின் சாய்வு அதில் உறைகின்றது; அச்சாய்வு அகலக்கோட்டைக் காட்டும். புள்ளி அசையாதிருப்பின், எம்பரர் மலைகள் அனைத்தும் ஹவாய் இருக்கும் 19 பாகையையே காட்டுதல் வேண்டும். 2001இல் அம்மலைகளைத் துளைத்தெடுத்த பாறைகளோ, டெற்றொயிற் மலை ஏறத்தாழ 35 பாகையிலும், நிந்தோக்கு 27 பாகையிலும், கோக்கோ 22 பாகையிலும் பிறந்தனவெனக் காட்டின. வெப்பப்புள்ளி தெற்கு நோக்கிப் பெயர்ந்தது என்பது 2003இல் தார்டூனோ குழுவினர் கண்ட முடிபு. ஆயின் தென் பசுபிக்கிலுள்ள லூயிவில் தொடரை 2010–2011இல் துளைத்தபோது, அப்புள்ளி வடக்குத் தெற்காக மிகச் சிறிதே பெயர்ந்தமை புலனாயிற்று. எனவே புள்ளிகள் யாவும் ஒருபடித்தாக அசைந்தன என்றலும் பொருந்தாது. புள்ளியின் பெயர்ச்சி மாத்திரம் வளைவை விளக்காது. தகடும் திசை மாறியிருத்தல் வேண்டும் என்பது 2017இல் தோர்ஸ்விக் குழுவினர் காட்டிய முடிபு.

இதனாற் கருவியைப் பழித்தல் தகாது. வெப்பப்புள்ளியின் பெயர்ச்சியைத் தனிக் கோப்பாகக் கொடுத்துக் கணிக்கும் வசதி அத்தொகுதியிலேயே உளது. அசையாமை என்பது கருவி விதித்ததன்று. பயன்படுத்துவோர் இட்ட கட்டளையே. அக்கட்டளை மறைவின்றி எழுத்தில் நிற்றலாற்றான் குறையைக் கண்டு திருத்தவும் முடிகின்றது. ஆகவே வகுப்பறையில் இத்தகைய படத்தை மாணவர்முன் வைக்கும் ஆசிரியர், அதனைப் பிறப்பித்த கட்டளைகளையும் உடன் வைத்தல் வேண்டும். எத்துணிபின் மேல் இக்கோடு எழுந்தது என வினவக் கற்ற மாணவனே படத்தைப் படிக்கக் கற்றவனாவான்.